வரியின் ஓரத்தில் நிற்கும் சதவீதம்

ஒரு நிரல் மெதுவாக ஓடும்போது அதன் எந்த ஃபங்ஷனில் நேரம் போகிறது என்று கண்டுபிடிப்பது இன்று எளிதாகிவிட்டது. லினக்ஸின் வேக அளவீட்டுக் கருவியான பெர்ஃபில் பெர்ஃப் ரெக்கார்டு கொடுத்து நிரலை ஓடவிட்டு, பிறகு பெர்ஃப் ரிப்போர்ட்டைத் திறந்தால், பட்டியலின் உச்சியில் அந்தப் பெயர் நிற்கும். கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. நீண்ட அந்த ஃபங்ஷனுக்குள் எந்த வரி, அந்த வரிக்குள் எந்தக் கட்டளை, அந்தக் கட்டளையில் ஏன் என்ற கேள்விகளுக்கு விடை தேடி நாம் திறப்பது பெர்ஃப் அனோட்டேட்டின் திரையை. அதில் வலப்புறம் அசெம்பிளிக் கட்டளைகள், அதாவது செயலி நேரடியாக இயக்கும் கட்டளைகளின் வாசிக்கத்தக்க வடிவம், இருக்கும். நடுநடுவே அவை பிறந்த மூலநிரல் வரிகள் செருகப்பட்டிருக்கும். இடப்புற ஓரத்தில் ஒவ்வொரு கட்டளைக்கும் எதிரே ஒரு சதவீதம் நிற்கும்.

இந்தத் திரையை வாசிப்பது என் அன்றாட வேலையின் ஒரு பகுதி. செயலி எந்தக் கட்டளையில் நின்றிருந்தபோது பிடிபட்டது என்பதற்கு அந்தச் சதவீதம் ஒரு சாட்சி. அங்கே ஏன் நின்றது என்பதை வாசிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான தடயங்கள் பெரும்பாலும் அந்தக் கட்டளைக்குச் சற்று மேலே, சில சமயம் வெகுதொலைவில் இருக்கும். சிவப்பு நிறத்தில் எரியும் வரியைப் பார்த்தவுடன் அதைத் திருத்த உட்காருவதுதான் இந்தக் கருவியைப் பயன்படுத்துவோரிடம் நான் மிகுதியாகக் காணும் பழக்கம். அதை மாற்ற வேண்டும் என்ற விருப்பத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். செயலிக்குள் இருக்கும் வன்பொருள் எண்ணி ஒன்று, கடிகாரச் சுழற்சி போன்ற ஏதோவொரு நிகழ்வை எண்ணிக்கொண்டே போகிறது. குறித்த எல்லையைத் தாண்டியதும் ஓடிக்கொண்டிருப்பதை ஒரு கணம் நிறுத்தும் ஓர் இடையீட்டை எழுப்புகிறது. அந்தக் கணத்தில் நிரல் எந்த முகவரியில் இருந்தது என்பதை இயங்குதளத்தின் மையமான கெர்னல் குறித்துக்கொள்கிறது. நாமாக எதையும் மாற்றாவிட்டால் பெர்ஃப் நொடிக்குச் சுமார் 4000 மாதிரிகள் எடுக்க முயலும். ஓட்டம் முடிந்தபின் கையில் இருப்பது முகவரிகளின் நீண்ட குவியல் மட்டுமே. அனோட்டேட் அந்த முகவரிகளைக் கட்டளைவாரியாக எண்ணி, ஆப்ஜ்டம்ப் போன்ற கருவியின் துணையோடு இயந்திரக் குறியை அசெம்பிளியாக விரித்து, ஒவ்வொரு கட்டளையின் பக்கத்திலும் அதன் பங்கை எழுதுகிறது. மூலநிரல் வரிகளைச் செருகுவதற்கு, மூலநிரலை இயந்திரக் குறியாக மாற்றும் கம்பைலர் விட்டுச்சென்ற, ட்வார்ஃப் என்ற வடிவத்திலுள்ள வரி அட்டவணையைப் பார்க்கிறது. எந்த முகவரி எந்தக் கோப்பின் எந்த வரிக்கு உரியது என்ற தகவல் அதில் இருக்கும். திரையில் தெரிவது இவ்வளவுதான்: முகவரிகளின் எண்ணிக்கையும், அதன்மேல் போர்த்திய ஒரு வரைபடமும். காரணம் என்ற ஒன்று இந்தச் சங்கிலியில் எங்குமே பதிவாகவில்லை.

1982ஆம் ஆண்டு வெளிவந்த ஜிப்ரொஃப் என்ற கருவி, எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரைபடத்தோடு ஃபங்ஷன் அளவிலான நேரத்தைக் காட்டியது. கட்டளை அளவுக்கு இறங்கிய முயற்சிகளில் என்னை இன்றுவரை ஈர்ப்பது 1997இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆல்ஃபா செயலிக்காக வெளியிட்ட டிசிபிஐ என்ற அளவீட்டுக் கருவி. 333 மெகாஹெர்ட்ஸ் செயலி ஒன்றுக்கு நொடிக்கு 5200க்கும் மேற்பட்ட மாதிரிகளை எடுத்துக்கொண்டே, பெரும்பாலான பணிச்சுமைகளில் 1 முதல் 3 சதவீத வேகக் குறைவை மட்டுமே அது ஏற்படுத்தியது. ஆனால் என்னை ஈர்ப்பது அந்த வேகம் அன்று. அதிலிருந்த டிசிபிகால்க் என்ற கருவி, கட்டளைகளை வரிசையாகக் காட்டும்போது, எங்கெல்லாம் செயலி காத்திருந்ததோ அங்கெல்லாம் கட்டளைகளுக்கு இடையே அந்தக் காத்திருப்புக்கான சாத்தியமான காரணங்களையும் எழுதியது: இது தேடிய தரவு கேஷ் என்ற சிறிய வேக நினைவகத்தில் கிடைக்காததாக இருக்கலாம், இது மேலே உள்ள இன்ன கட்டளையின் விடைக்காகக் காத்திருப்பதாக இருக்கலாம் என்று. கட்டளைகளை எழுதிய வரிசையிலேயே வெளியிடும் செயலி என்பதால் அப்படி ஊகிக்க முடிந்தது. வரிசை மாற்றி இயக்கும் செயலிகள் வந்தபின் அந்த ஊகம் கடினமாகிவிட்டது. இன்று நாம் பயன்படுத்தும் எளிய அனோட்டேட் திரை அந்தக் காரண வேலையை முழுவதுமாக வாசிப்பவரிடமே விட்டுவிடுகிறது.

ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். ஒவ்வொரு கணுவும் அடுத்த கணுவின் முகவரியைச் சுமக்கும் பட்டியலான லிங்க்டு லிஸ்ட் ஒன்றின் நீளத்தை எண்ணும் லூப். எக்ஸ்86 அசெம்பிளியில் அதன் உடல் நான்கே கட்டளைகளில் அடங்கிவிடும். முதலாவது ‘மூவ்’: இப்போதைய கணுவிலிருந்து அடுத்த கணுவின் முகவரியைச் செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடமான ரெஜிஸ்டருக்குக் கொண்டுவருகிறது. இரண்டாவது ‘ஆட்’: எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டுகிறது. மூன்றாவது ‘டெஸ்ட்’: வந்த முகவரி சுழியமா என்று பார்க்கிறது. நான்காவது, சுழியம் இல்லையென்றால் மேலே திரும்பும் தாவல். லிஸ்ட் பெரியதாகவும், கணுக்கள் நினைவகம் முழுதும் சிதறியும் இருந்தால், துல்லியம் கேட்காமல் எடுத்த மாதிரிகளில் பெரும்பகுதி ‘ஆட்’ கட்டளையின் மேல் விழுந்திருப்பதைப் பார்க்கலாம். நினைவகத்தைத் தொடாமல், ரெஜிஸ்டரில் உள்ள எண்ணோடு ஒன்றைக் கூட்டும் கட்டளை அது. செயலியிடம் அதைவிட மலிவான வேலை அதிகம் இல்லை.

இதற்குக் காரணம், செயலி கட்டளைகளை எந்த வரிசையில் இயக்கினாலும் அவற்றை நிறைவுசெய்வது நிரலில் எழுதிய வரிசையில்தான். ‘மூவ்’ கேஷில் கிடைக்காத தரவுக்காக நினைவகம்வரை போய்விட்டால், அது திரும்பும்வரை சில நூறு சுழற்சிகள்கூட ஆகலாம். அதுவரை பின்னால் உள்ள எதுவும் நிறைவுபெற முடியாது. அந்தக் காத்திருப்பின் நடுவில் இடையீடு வந்தால், செயலி பொதுவாக முன்னால் நிற்கும் கட்டளையை முடித்துவிட்டு, அதற்கு அடுத்ததன் முகவரியைக் கொடுக்கும். வங்கிக் கவுன்டரில் முன்னால் நிற்பவர் நெடுநேரம் எடுத்துக்கொள்ள, அவருக்குப் பின்னால் நின்றவரின் பெயரைக் குறித்துக்கொண்டு வருவதற்கு ஒப்பானது இது. துறையில் இதை ஸ்கிட் என்கிறார்கள். சில வன்பொருளில், சில நிகழ்வுகளில், இந்தச் சறுக்கல் ஒரு கட்டளையோடு நிற்காமல் பல கட்டளைகள் தள்ளியும் போகும். ஆகவே எரியும் கட்டளையைப் பார்த்தவுடன் நான் செய்யும் முதல் வேலை, கண்ணை ஒரு படி மேலே ஏற்றுவது. அங்கே நினைவகத்தைத் தொடும் கட்டளையோ வகுத்தலோ இருந்தால், பெரும்பாலும் ஆள் அவரேதான்.

இந்தச் சறுக்கலைக் குறைக்க வன்பொருள் உற்பத்தியாளர்கள் வழி செய்திருக்கிறார்கள். பென்டியம் 4 காலத்தில் இன்டெல் கொண்டுவந்த பெப்ஸ் வசதியில், இடையீட்டு மென்பொருளை எதிர்பார்க்காமல் செயலியே பதிவை எழுதிவிடுகிறது. ஏஎம்டியின் ஐபிஎஸ் வேறு வழியில் போகிறது: உள்ளே வரும் செயல்களில் ஒன்றைக் குறிவைத்து, அது நிறைவுபெறும்வரை பின்தொடர்ந்து, அதற்கு நேர்ந்ததை எல்லாம் பதிவுசெய்கிறது. ஆர்ம் செயலிகளில் உள்ள எஸ்பிஇயும் இந்த வகையைச் சேர்ந்ததே. இந்த எண்ணத்தின் மூத்த வடிவம் 1997இல் ஆல்ஃபாவுக்காக முன்வைக்கப்பட்ட ப்ரொஃபைல்மீ. பெர்ஃபில் நிகழ்வின் பெயருக்குப் பின் ஒரு முக்காற்புள்ளியும் ‘பீ’ என்ற எழுத்தும் சேர்த்துத் துல்லியத்தைக் கேட்கலாம். எழுத்து கூடக்கூடக் கேட்கும் துல்லியமும் கூடும். நிகழ்வின் பெயரையே குறிப்பிடாமல் விட்டால், இன்றைய பெர்ஃப் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த துல்லியத்தைத் தானே தேர்ந்தெடுக்கும். நாமே பெயரை எழுதும்போதுதான் அந்த எழுத்தை மறந்துவிடுகிறோம்.

துல்லியம் கிடைத்தாலும் காரணம் கிடைத்துவிடாது. ஒரு தாவல் எந்தப் பக்கம் போகும் என்று செயலி முன்கூட்டியே கணித்து வேலையைத் தொடர்கிறது. அப்படித் தவறாகக் கணிக்கப்பட்ட தாவலை எடுத்துக்கொள்ளுங்கள். கணிப்பு பொய்த்ததும் செயலி அதுவரை முன்கூட்டிச் செய்த வேலையை எல்லாம் எறிந்துவிட்டு, சரியான பாதையின் முதல் கட்டளையிலிருந்து மீண்டும் தொடங்குகிறது. இழந்த நேரம் அந்த முதல் கட்டளைகளின் கணக்கில் ஏறும். குற்றவாளியான தாவலோ திரையில் நாற்பது வரிக்கு மேலே இருக்கலாம். கம்பைலர் அரிதாக நடக்கும் பாதையை ஃபங்ஷனின் கடைசிக்குத் தள்ளியிருந்தால் இரண்டுக்கும் இடையே பக்கங்களே இருக்கலாம். இப்படிப்பட்ட இடத்தில் நான் சுழற்சிகளோடு தாவல் தவறுகளையும் ஒரே குழுவாகப் பதிவுசெய்து, இரண்டு எண்களையும் அடுத்தடுத்த பத்திகளாக அனோட்டேட்டில் பார்க்கிறேன். ஒரு பத்தி நேரம் தங்கிய இடத்தைக் காட்டும்போது இன்னொரு பத்தி அது புறப்பட்ட இடத்தைக் காட்டினால், இரண்டுக்கும் இடையே ஓர் அம்பை மனதில் வரைந்துகொள்ளலாம். இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்வுகளை ஒரே அசெம்பிளியின் மேல் அடுக்கிப் பார்ப்பதுதான், என் மதிப்பீட்டில், இந்தக் கருவியின் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படும் ஆற்றல்.

மூலநிரல் மட்டும் போதாதா, அசெம்பிளி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஹேஷ் அட்டவணையில் தேடும் வரி ஒன்றைக் காட்டுவேன். சாவியை அட்டவணையின் அளவால் வகுத்து, மீதியை எண்ணாகக்கொண்டு, அந்த இடத்தில் உள்ள பதிவை எடுத்துவருவது ஒரே வரியில் எழுதக்கூடிய செயல். மூலநிரலோடு ஒட்டிப் பார்த்தால் அந்த ஒரே வரியின் பக்கத்தில் ஒரு பெரிய சதவீதம் நிற்கும். அதோடு விஷயம் முடிந்துவிடும். அசெம்பிளியைத் திறந்தால் அந்த வரி இரண்டு முற்றிலும் வேறான செலவுகளாகப் பிரிகிறது. ஒன்று ‘டிவ்’ என்ற வகுத்தல் கட்டளை. அளவு என்பது ஓட்டத்தின்போது மட்டுமே தெரியும் மாறியாக இருந்தால் கம்பைலருக்கு வேறு வழியில்லை. அதுவே கம்பைல் நேரத்தில் தெரிந்த மாறிலியாக இருந்தால் பெருக்கலும் நகர்த்தலுமாக மாற்றியிருக்கும், இரண்டின் அடுக்காக இருந்தால் ஒரு ‘அண்ட்’ கட்டளையோடு முடித்திருக்கும். மற்றொன்று, அந்த எண்ணைக்கொண்டு நினைவகத்தைத் தொடும் ‘மூவ்’. மாதிரிகள் ‘டிவ்’வைச் சுற்றிக் குவிந்திருந்தால், அளவை இரண்டின் அடுக்காக வைப்பதோ, 64 பிட் வகுத்தலை 32 பிட்டாகச் சுருக்குவதோ பலன் தரும், ஐஸ் லேக் தலைமுறைக்கு முந்தைய பல இன்டெல் செயலிகளில் இவ்விரண்டுக்கும் இடையே வேக வேறுபாடு மிகப் பெரியது. மாதிரிகள் ‘மூவ்’வைச் சுற்றிக் குவிந்திருந்தால் இந்த மாற்றங்களால் ஒரு பயனும் இல்லை, பதிவுகளைச் சுருக்குவதும், அருகருகே வைப்பதும், முன்கூட்டியே கேஷுக்கு அழைப்பதுமே வழி. ஒரே வரிக்கு எதிரெதிரான இரண்டு மருந்துகள் இருக்கின்றன. எதைக் கொடுப்பது என்பதை மூலநிரல் வரியின் சதவீதம் சொல்ல முடியாது.

மூலநிரலோடு பொருத்துவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கம்பைலர் உகப்பாக்கம் செய்த, அதாவது வேகத்துக்காக மாற்றியமைத்த, நிரலில் ஒரு வரியின் கட்டளைகள் ஒன்றாக நிற்பதில்லை. லூப்புக்குள் எழுதியது வெளியே தூக்கப்பட்டிருக்கும். அடுத்த வரியின் நினைவக வாசிப்பு இந்த வரியின் கூட்டலுக்கு முன்னால் வந்திருக்கும். இன்லைன் ஆன, அதாவது அழைக்கும் இடத்திலேயே விரித்து வைக்கப்பட்ட, சிறு ஃபங்ஷனின் கட்டளைகள், நாம் எழுதவே செய்யாத ஏதோ ஒரு ஹெட்டர் கோப்பின் வரிகளைத் தலையில் சுமந்துகொண்டு நடுவில் நிற்கும். இரண்டு கிளைகளில் இருந்த ஒரே மாதிரியான கட்டளைகளை ஒன்றாக்கும்போது, எந்தக் கிளையின் வரியைக் கொடுப்பது என்று தெரியாமல் கிளாங் என்ற கம்பைலர் அதற்கு 0ஆம் வரி என்று எழுதிவிடுவதும் உண்டு. அது பொய்யான வரியைக் கொடுப்பதைவிட நேர்மையானது என்று நான் கருதுகிறேன். இவற்றை எல்லாம் பார்த்தபின் நான் வைத்துக்கொண்ட முறை, அசெம்பிளியை முதல் ஆவணமாகவும் நடுவே வரும் மூலநிரலை வழிகாட்டும் குறிப்பாகவும் வாசிப்பது. லூப்பின் தொடக்கத்தையும் முடிவையும் தாவல்களைக் கொண்டு கண்டுகொண்டு, எந்த ரெஜிஸ்டர் எங்கே எழுதப்பட்டு எங்கே வாசிக்கப்படுகிறது என்று பின்தொடர்ந்தால், மூலநிரல் தானாகவே அடையாளம் தெரியத் தொடங்கும்.

இப்படி மூலநிரலோடு பொருத்துவதற்கு டீபக் தகவல், அதாவது அந்த வரி அட்டவணை போன்றவை, வேண்டும். அதைச் சேர்த்தால் நிரல் மெதுவாகிவிடும் என்ற அச்சம் பலரிடம் இருக்கிறது. ஜிசிசி என்ற கம்பைலரில் ‘ஜி’ விருப்பத்தைச் சேர்ப்பது உருவாகும் கட்டளைகளை மாற்றக் கூடாது என்பதே கொள்கை. அதைச் சோதிப்பதற்கென்றே அந்தக் கம்பைலரில் தனி விருப்பம் இருக்கிறது. கோப்பின் அளவு கூடும் என்பது உண்மை. அதைத் தனிக் கோப்பாகப் பிரித்து வைத்துக்கொள்ளலாம்.

மாதிரிகளை எடுத்த பைனரியும் (கம்பைல் ஆன நிரல் கோப்பு), இப்போது விரித்துப் பார்க்கும் பைனரியும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது சொல்லத் தேவையில்லாத செய்திபோலத் தோன்றும். ஆனால் பதிவுக்கும் வாசிப்புக்கும் இடையே ஒருமுறை மீண்டும் கம்பைல் செய்துவிட்டால் முகவரிகள் இடம்பெயர்ந்துவிடும். சதவீதங்கள் தொடர்பில்லாத கட்டளைகளின் மேல் போய் உட்காரும். பைனரிக்குள் பதிந்திருக்கும் பில்டு ஐடியைக் கொண்டு பெர்ஃப் இதைச் சரிபார்க்கிறது என்பதால், அந்த அடையாளம் இல்லாமல் லிங்க் செய்யக் கூடாது. கெர்னலில் இது இன்னும் நுட்பமானது: லினக்ஸ் கெர்னல் துவங்கும்போது செயலிக்கு ஏற்பத் தன் கட்டளைகளில் சிலவற்றைத் தானே திருத்திக்கொள்கிறது, ஓடும்போதும் சில தாவல்களை மாற்றுகிறது. வட்டில் உள்ள கெர்னல் கோப்பை விரித்தால் நாம் பார்ப்பது ஓடியதை அன்று. நினைவகத்தில் இருக்கும் கெர்னலின் படிமமான கேகோரிலிருந்து கட்டளைகளை எடுக்கும் வசதி அதற்காகவே இருக்கிறது. ஜிட் கம்பைலர்கள் ஓட்டத்தின்போதே உருவாக்கும் நிரலுக்கோ பெயர்களும் முகவரிகளும் மட்டும் போதாது. கட்டளைகளின் பைட்டுகளையே சேமித்துத் தரும் ஜிட்டம்ப் கோப்பு வேண்டும்.

சதவீதம் எதன் சதவீதம் என்பதையும் பார்க்க வேண்டும். அனோட்டேட் இயல்பாகக் காட்டுவது அந்த ஃபங்ஷனுக்குள்ளான பங்கை. ஒரு கட்டளை எண்பது என்று எரியலாம். ஆனால் அந்த ஃபங்ஷனே மொத்த ஓட்டத்தில் இரண்டு சதவீதம் என்றால், அந்தக் கட்டளையை முற்றாக நீக்கினாலும் கிடைப்பது இரண்டுக்கும் குறைவே. மொத்தத்தின் பங்காகவோ வெறும் மாதிரி எண்ணிக்கையாகவோ மாற்றிப் பார்க்கும் வசதி திரையிலேயே இருக்கிறது. நான் எப்போதும் எண்ணிக்கையையும் பார்க்கிறேன். மாதிரியெடுப்பில் எண்ணிக்கையின் பிழை ஏறக்குறைய அதன் வர்க்கமூலம் அளவு இருக்கும். 100 மாதிரிகள் விழுந்த கட்டளையில் 10 இங்கும் அங்கும் போவது இயல்பு. 9 மாதிரிகள் விழுந்த கட்டளையையும் 12 விழுந்த கட்டளையையும் ஒப்பிட்டு எதையும் சொல்ல இயலாது. 10,000 மாதிரிகள் என்றால் பிழை நூற்றில் ஒன்றாகச் சுருங்கிவிடும், அப்போது பேசலாம்.

எண்ணும் கருவிகள் வேறு இனம். ஜிகோவ் ஒவ்வொரு வரியும் எத்தனை முறை ஓடியது என்று சொல்லும். வால்கிரைண்டின் கால்கிரைண்டும் கேஷ்கிரைண்டும் கட்டளைகளை எண்ணி மூலநிரலின் பக்கத்தில் எழுதும். ஓட்டம் பலமடங்கு மெதுவாகும் என்றாலும், ஒரே உள்ளீட்டுக்கு ஏறக்குறைய ஒரே விடை கிடைப்பதால் இரண்டு பதிப்புகளை ஒப்பிட அவை மிகவும் ஏற்றவை. ஆனால் அவை எண்ணுவது நேரத்தை அன்று. வகுத்தலும் கூட்டலும் அங்கே ஆளுக்கு ஒன்றுதான். இரண்டு வகைகளையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் சுவை: ஒரு லூப் எத்தனை முறை சுழன்றது என்று எண்ணும் கருவியும், அதில் எத்தனை சுழற்சிகள் போயின என்று மாதிரியெடுப்பும் சொன்னால், ஒரு சுற்றுக்கான விலை கையில் வந்துவிடும். அந்த விலை சில சுழற்சிகள் என்றால், சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறைக்கப் பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கில் இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் யாரோ நினைவகத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

இதே வரைபடத்தை இப்போது கம்பைலர்களும் வாசிக்கின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த முன்னேற்றம். கூகுளில் உருவாகி 2016இல் ஆய்வுக் கட்டுரையாக வந்த ஆட்டோஎஃப்டிஓ, உற்பத்திச் சூழலில் எடுத்த மாதிரிகளை மூலநிரல் வரிகளுக்குத் திருப்பி, அடுத்த கம்பைலின்போது எதை இன்லைன் செய்வது, எந்தப் பாதையை நேராக வைப்பது என்று முடிவெடுக்கப் பயன்படுத்துகிறது. வரியைக் கோப்பின் தொடக்கத்திலிருந்து எண்ணாமல் ஃபங்ஷனின் தொடக்கத்திலிருந்து எண்ணுவதால், மேலே யாரோ ஒரு குறிப்புரை சேர்த்தாலும் பொருத்தம் கெடுவதில்லை. ஒரே வரியில் இரண்டு கிளைகள் இருந்தால் அவற்றைப் பிரித்தறிய ட்வார்ஃப் அட்டவணையில் டிஸ்கிரிமினேட்டர் என்ற கூடுதல் எண் இருக்கிறது. வரி அட்டவணையின் தரம் கெட்டால் டீபக்கர் மட்டுமே குழம்பிய காலம் போய், இன்று நிரலின் வேகமே அதைச் சார்ந்திருக்கிறது. கம்பைலர் எழுதுவோர் அந்த அட்டவணையில் காட்டும் அக்கறை கூடியிருப்பதில் வியப்பில்லை.

மெய்நிகர் இயந்திரங்களில் வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வன்பொருள் எண்ணிகளை உள்ளே ஓடும் விருந்தினர் இயங்குதளத்துக்குத் திறந்துவிடாத இடங்களில், பெர்ஃப் சிபியு கிளாக் என்ற மென்பொருள் கடிகாரத்துக்கு மாறிக்கொள்கிறது. திரை பழையபடியே இருக்கும், சதவீதங்களும் வரும். ஆனால் துல்லியம் கேட்கும் எழுத்துக்கு அங்கே பொருளில்லை. கெர்னலுக்குள் இடையீடுகள் தடுக்கப்பட்டிருக்கும் பகுதியில் அந்தக் கடிகாரத்தால் மாதிரி எடுக்கவே முடியாது. தடை நீங்கும் கட்டளைக்கு அடுத்த இடத்தில், பெரும்பாலும் ஒரு ஸ்பின்லாக்கை (கெர்னலின் ஒரு வகைப் பூட்டு) விடுவிக்கும் ஃபங்ஷனுக்குள், அதுவரை சேர்ந்த நேரம் எல்லாம் ஒன்றாகக் கொட்டும். ஆகவே யாராவது எனக்கு அனோட்டேட் திரையின் படத்தை அனுப்பினால், சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன் எந்த நிகழ்வு, எத்தனை மாதிரிகள், எந்தச் செயலி, என்ன கம்பைலர் விருப்பங்கள் என்று கேட்கிறேன். நிகழ்வின் இடத்தில் சிபியு கிளாக் என்றிருந்தால், ஃபங்ஷன் அளவோடு பேச்சை நிறுத்திக்கொண்டு, கட்டளை அளவிலான வாசிப்பை எண்ணிகள் கிடைக்கும் ஓர் இயந்திரத்தில் மீண்டும் எடுத்துத் தரச் சொல்கிறேன்.